ஆறடி நீக்கிய விலை

முரசுமோட்டையில் படிப்பிக்கப் போன நான்காவது வருடம், வீடு வாங்கினால் வருகிறேன் என்று யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி எழுதினாள். வாடகை அறையில் தனியே சமைத்துத் தனியே சாப்பிட்டு எனக்கும் அலுத்துப்போயிருந்தது. சோற்றுப் பானையோடு கதைக்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு வீடு விலைக்கு வந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த பெரியவர் ஒருவர் தன் கையாலேயே கட்டிய மண்வீடு. தகரக் கூரை, நல்ல தண்ணீர்க் கிணறு, கால் ஏக்கர் வளவு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவியும் தவறிவிட்டா. இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, வெற்றிலையில் வைத்து அச்சாரம் கொடுத்தேன்.

மறுநாள் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார். "மாஸ்டர், அந்த மனுசியை வளவுக்கை வச்சுக்கொண்டோ குடியிருக்கப் போறியள்?"

நான் பூப்பாத்தி என்று நினைத்து ரசித்துவிட்டு வந்த பட்டிப்பூ மேடு, பெரியவரின் மனைவியைப் புதைத்த இடம். எங்கள் பக்கத்தில் செத்தவரைச் சுடலையில் எரித்துவிட்டு, வந்து முழுகுவோம். தோட்டத்தில் இருந்து வந்த சனம் தங்கள் ஆட்களை மண்ணுக்குள்தான் வைப்பார்கள் என்பது, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்டது கிணற்றைப் பற்றி மட்டும்.

விலகினால் அச்சாரம் போய்விடும். வாங்கினால் மனைவி படலை தாண்டமாட்டாள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். விலையைக் குறைப்பித்து, மிஞ்சும் காசில் குறுக்கே ஒரு மதில் கட்டி மறைத்துவிடலாம். சைக்கிளில் போகும்போது வழி முழுக்கப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஒரு குறை கையில் கிடைத்தால் யாழ்ப்பாணத்தான் விலை பேசாமல் விடுவானா?

"பெரியவர், இதை நீங்கள் முதலே சொல்லியிருக்க வேணும். சுடலைக்கு ஆர் இந்த விலை குடுப்பினம்?" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "மறைக்கலீங்க ஐயா. பூ நல்லாயிருக்குன்னு நீங்களே அது பக்கத்துல நின்னீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

பட்டிப்பூ மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கொறைச்சுக்குங்க. நீங்க சொல்றதுதான் வெல. ஆனா அந்த ஆறடிய நான் விக்கல. அதுக்குக் காசு தராதீங்க. அது அவளுக்கே இருக்கட்டும்."

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். கால்வாசி குறைத்துச் சொன்னேன், தலையாட்டினார். அரைவாசி என்றிருந்தாலும் ஆட்டியிருப்பார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

மதிலுக்குக் கல் வந்து இறங்குமுன்பே மனைவி வந்துவிட்டாள். கடைக்காரரின் வாய் சும்மா இருக்குமா? கேள்விப்பட்டவள் குசினியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. "மலிவுக்கு வாங்கினனீங்கள்தானே, நீங்களே இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்னேர பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அதன்பிறகு வரவில்லை. மதிலையும் நான் கட்டவில்லை. யாருக்கு மறைப்பது?

ஏழெட்டு மாதம் கழித்துத் திருச்சிப் பக்கமிருந்து பெரியவரின் கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையாம். கடைசியில் இப்படி இருந்தது: "நீங்க குடும்பத்தோட அங்க இருக்கிறதால, அவ தனியா இல்லைங்கிற நிம்மதி எனக்கு."

கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். மேட்டருகே நின்று, அவவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். 'குடும்பத்தோட' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.