நீல டிரம்மும் பத்தொன்பதாம் நோன்பும்

மணி அடித்ததும் முத்து முகம்மது பால்கனிக்குப் போவதில்லை. ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து, சவரக் கண்ணாடியை வெளியே நீட்டி, கீழே நிற்பவரின் உச்சந்தலையைப் பார்க்கிறார். ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் மாடிவீடு ஒவ்வொன்றிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். வந்தவர் அதை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். மேலே இருப்பவர் தெருக்கதவுச் சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்குவார். இவர் சாவியை இறக்கியதே கிடையாது. கூடையைத்தான் இறக்குவார். எரிந்துபோன விசிறி மோட்டார் கூடையில் ஏறிவரும், புதுக் கம்பிச்சுருள் கட்டி அதே கூடையில் இறங்கிப்போகும்.

"படியேற விட்டா, பாதி வூட்டப் பாத்துட்டுத்தான் போவானுங்க" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்திருந்தால் அந்த அம்மாளையும் கண்ணாடி வைத்துத்தான் பார்த்திருப்பார். மிளகாய்த்தூள் கடையில் வாங்கமாட்டார், செங்கல் கலப்பார்களாம். செம்புக் கம்பியை லத்தா வட்டாரத்தில் பாதி ஒரு கடையிலும் மீதி அடுத்த தெருவிலும் வாங்குவார், எந்தக் கடைக்காரனுக்கும் தன் தொழில் எவ்வளவு என்று முழுதாகத் தெரிந்துவிடக்கூடாது. டீக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவார். மனிதர்மேல் வைக்காத நம்பிக்கையை எல்லாம் சேர்த்து நோன்பின்மேல் வைத்திருந்தார். ஏழு வயதில் தொடங்கியது. காய்ச்சலிலும் ஒன்றை விட்டதில்லை. அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான்.

பயம் சும்மா வந்ததல்ல. எண்பத்தெட்டில், ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கிய வருஷம், டீக்கடையில் கூடிப் பேசிய ஐந்து பேரில் ஒருவனைப் பிடித்தார்கள். வாரம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேர் போனார்கள். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விடியும்வரை தூக்கம் வராது. யாரோ சொல்லித்தான் கஞ்சா பழகினார். ஒரு சிட்டிகை போட்டால் நாலு மணி நேரம் தூங்கலாம். ஆனால் விற்றவன் இவர் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்தான். இலையிலும் கலப்படம் இருப்பதாக இவருக்குப் பட்டது. அப்புறம் என்ன, மிளகாய்த்தூளைப் போலவே இதையும் வீட்டிலேயே செய்துகொள்ள முடிவுசெய்தார்.

பின்னறையில், பாதியாக அறுத்த நீலப் பிளாஸ்டிக் டிரம்மில், டியூப் லைட்டுக்குக் கீழே ஏழு செடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஏழு தொட்டி வைத்தால் ஏழையும் ஒளிக்கவேண்டும், ஒரு டிரம் என்றால் ஒரு பழைய கைலியைப் போட்டு மூடிவிடலாம் என்பது அவர் யோசனை. அதில் ஒன்று மட்டும் ஜன்னல் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து வளர்ந்தது. அதன்மேல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பிடுங்கப் போனவர் பாதியில் கையை எடுத்துக்கொண்டார். அடியில் வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது.

"ஒண்ணப் புடுங்குனா அத்தனையும் வந்துரும்" என்று செடியிடமே சொன்னார்.

மார்க்கப்படி இது சரியா என்று யாராவது கேட்டால், இது மருந்து, பகலில் தொடமாட்டேன் என்று சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இன்சீன்தான். மற்றவர்களுக்கு இன்சீன் என்றால் சந்தையும் ரயில் பட்டறையும். இவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிறைக்கதவுதான் கண்முன் வரும்.

செடி பூவிட்டதும் வாடை கிளம்பியது. மேல்மாடி லத்தீபா படியில் நிறுத்தி, "நானா, உங்க வூட்ல எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டாள். அன்று முதல் தினமும் நடுப்பகலில் நாப்பி வறுக்க ஆரம்பித்தார். ஊறவைத்த மீன் விழுதான அந்த நாப்பி வாணலியில் விழுந்தால் தெருவே கமறும். ஆனால் ரங்கூனில் நாப்பி வாசனைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ரமலான் பிறை தெரிந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தார், நோன்பு பிடித்தார், நடுப்பகலில் பழக்கப்படி நாப்பியும் வறுத்தார். ஊரையெல்லாம் சந்தேகிக்கத் தெரிந்தவருக்குத் தன் வாணலியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நோன்பன்று மணி அடிக்கவில்லை. கதவையே தட்டினார்கள். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பர்கத்துல்லா, நோன்புப் பகலிலும் வறுவல் வாசனை வருவதாகச் சொன்ன லத்தீபா கொடுத்த சாவியால் தெருக்கதவைத் திறந்துகொண்டு மேலே வந்திருந்தார். தாழ் நீக்கியதும் அவர் பார்த்தது அடுப்பில் புகையும் வாணலியை.

அவர் சத்தம் போடவில்லை. தினமும் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முத்து முகம்மதின் கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி ஊற்றுவது அவர்தான்; வறண்ட உதட்டோடு வந்து இரண்டு கிண்ணம் குடிக்கிறவன் பகலில் தின்றவனாக இருக்கமுடியாது என்றார். அப்படியென்றால் தின்பது வேறு யாரோ. வார்டு ஆபீஸில் பதியாமல் ஆளைத் தங்கவைத்து அகப்பட்டால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் கேடு என்றார். காலையில் போயிருந்த கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. தெருவில் பிள்ளைகள் கூவினார்கள். அணைக்க மறந்த டியூப் லைட் எரிய, பின்னறைத் திரைக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"உள்ள யாரு?"

"யாருமில்ல."

"அப்ப இது யாருக்கு வறுத்தது?"

பர்கத்துல்லாவின் கை திரையைப் பிடித்துவிட்டது.

"எனக்குத்தான்" என்றார் முத்து முகம்மது.

"பொய் சொல்லாத தம்பி. நீ நோன்பு விடுற ஆளா?"

முத்து முகம்மது வாணலிக்குள் கையை விட்டார். சூட்டோடு மூன்று விரலால் ஒரு கவளம் அள்ளினார். பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்ட பிஸ்மில்லாஹ்வை விழுங்கிவிட்டு, நாப்பியை வாயில் போட்டு, திரையை விட்டு அந்தக் கை இறங்கும்வரை மென்றுகொண்டே நின்றார்.