ஆன்டெனாவுக்கு முன்னால் நின்றது

இது கட்டிச் சொன்ன கதையாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வதால் அதற்கு வழியில்லை. சொல்லவே கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் அலுவலகக் கட்டடங்களுக்கு வயர்லெஸ் இன்டர்நெட் போட்டுக் கொடுக்கிறோம். திட்டம் போடுவது நான், ஏணி ஏறுவது அவர். அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் கேபிள் கொண்டுவர ரோட்டைத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மொட்டை மாடியில் ஒரு டிஷ் ஆன்டெனா வைத்து, தூரத்து டவரிலிருந்து சிக்னலை வாங்கி, எல்லா மாடிகளுக்கும் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. எந்தச் சுவரில் எந்தப் பெட்டி வரும் என்று மாடி மாடியாக நடந்து வரைந்தவள் நான். டிஷ்ஷுக்கு இடம் பார்த்தவளும் நான்தான். கைப்பிடிச் சுவரின் ஓரம். அங்கிருந்து டவர் வரை ஒரு மரம்கூட மறைக்காது. வெறும் காற்று.

ஆபீஸ் விட்ட பிறகுதான் வேலை செய்ய விட்டார்கள். மாலை ஆறே கால். மேலே அவர் டிஷ்ஷைத் திருப்ப, ஐந்தாம் மாடி அறையில் லேப்டாப்பைப் பார்த்து நான் வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... போதும். அப்படியே முடுக்குங்க."

சிக்னல் தொண்ணூறு சதவீதம். அருமை.

திடீரென்று முப்பது.

"ஏங்க, டிஷ்ஷுக்கு முன்னாடி நிக்காதீங்க. மறைக்குது."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அவர் குரல்.

"முன்னாடியா? முன்னாடி எங்கடி தரை இருக்கு? கீழே ரோடுதான் இருக்கு."

ஆமாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தொண்ணூறு... முப்பது... தொண்ணூறு... ஆள் குறுக்கே நடந்தால் திரையில் கோடு இப்படித்தான் விழுந்து எழும். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். யாரோ போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

பிறகு முப்பதிலேயே நின்றது.

நடந்தது நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கோடு மெல்ல எழுந்து தொண்ணூறுக்குப் போனது. அப்படியே நிலைத்தது. அப்பாடா என்றிருந்தது. மூட்டை கட்டலாம் என்று சொல்ல மேலே போனேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கேபிளுக்குக் கிளிப் அடித்துக்கொண்டிருந்தார். டொக்... டொக்... நான் கதவருகே நின்றபடி செல்போன் டார்ச்சை டிஷ் பக்கம் அடித்தேன்.

கைப்பிடிச் சுவரின் மேல் ஈரம். மழையே இல்லை.

கால் தடம். வெறுங்கால். விரல்கள் உள்பக்கம் பார்த்திருந்தன.

சுவருக்கு இந்தப் பக்கம், தரையில் இன்னொன்று.

அப்புறம் இன்னொன்று...

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தடம் நனைந்தது. என்னை நோக்கி.

உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவர் வெளியே இருக்கிறார் என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

சுத்தியல் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் வந்தது.

தட். தட். தட்.

"ஏய், கதவைத் திற."

அவர் குரல்தான். ஆனால்... அவராக இல்லாவிட்டால்?

"விளையாடாதடி. திற."

கை தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது. இழுக்கவில்லை. வாக்கி டாக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார். அதையும் அணைத்தேன்.

தட்டுவது நின்றது.

ஒரு சத்தமும் இல்லை...

"ஐயோ!"

அந்த அலறலில்தான் கை அசைந்தது. திறந்து ஓடினேன். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி அவர் குப்புற விழுந்து கிடந்தார். கால் கேபிளில் சிக்கியிருந்தது. முழங்கால் நன்றாகச் சிராய்த்திருந்தது. தரையில் ஈரமே இல்லை.

ஈரக் கால் தடத்தைப் பார்த்துப் பயந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் அவரே இதை வேடிக்கையாகச் சொன்னார்.

"பேய்க்குப் பயந்து என்னைப் பேய்கிட்டயே விட்டுட்டாக்கா!"

"நல்ல பொண்டாட்டிடா! வீட்டுக் கதவையாவது திறக்கறாளா?" என்றார் நாத்தனார். குழந்தைகள்கூடச் சிரித்தன. நான் தலை நிமிரவில்லை. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"இல்லக்கா, சும்மா சொல்றேன். இவ மனசு கேக்காம வேற வழியா சுத்தி வந்துட்டா. 'ஏங்க, இந்தப் பக்கம் வாங்க, இங்க படி இருக்கு'ன்னு கூப்பிட்டா. நான்தான் அவசரத்துல கேபிளைப் பார்க்காம தடுக்கி விழுந்துட்டேன்."

அந்த மொட்டை மாடிக்கு ஒரே படிதான்.

"எந்தப் பக்கம் கூப்பிட்டேன்?"

"டிஷ் பக்கம். ஏன்?"

"நான் கதவுக்குப் பின்னாடிதாங்க நின்னேன். வாயே திறக்கலை."

சிரிப்பு நின்றது. அவர் என்னையே பார்த்தார்.

"உன் குரல்தான்" என்றார் மெதுவாக. "அழுதுகிட்டே கூப்பிட்டே."

கதவுக்குப் பின்னால் நான் அழக்கூட இல்லை.