படகுக்காரிக்குக் கிடைத்த தீர்ப்பு

எனக்குக் கோபம் வந்தால் கதை எழுதுவேன். அந்த முறை கோபம் என் தங்கைக்காக. அவளுக்குப் பிக்கப் வண்டி நன்றாக ஓட்ட வரும், லைசென்சும் வாங்கிவிட்டாள். மிளகையும் அன்னாசியையும் ஏற்றிக்கொண்டு எங்கள் மலையிலிருந்து சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எங்கள் ஊரில் புதிதாக எது செய்தாலும் வழக்குத் தீர்க்கும் ஊர்க்கவுண்டரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பெண்ணுக்காக வீட்டு ஆண்தான் கேட்க வேண்டும். அவள் புருஷன் போய்க் கேட்டான். கவுண்டர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, பாக்கலாம் சாமி என்றார். மறுபடி போனான். மறுபடியும் காப்பி, மறுபடியும் பாக்கலாம்.

நான் படித்த கதைகளில் அதிகாரம் மீசையை முறுக்கும், சாட்டையை எடுக்கும். விடுதலை கேட்டவள் கடைசிப் பக்கத்தில் ஊரைவிட்டே போய்விடுவாள். படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் காப்பி கொடுத்து மறிக்கிற அதிகாரத்தை என்ன செய்வது? என் தங்கை ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்? சாயங்காலம் வீடு திரும்பத்தானே போகிறாள்! அதை அப்படியே எழுதினேன். பயத்தில் வண்டியைப் படகாகவும் மலையை ஆறாகவும் கவுண்டரை ஒரு தலைவராகவும் மட்டும் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் நூலகத்தில் வாசித்தேன். நாலு பேர் கூடினாலே முதல் நாற்காலி கவுண்டருக்குத்தான். படகுக்காரி கரையிலேயே நிற்பதோடு கதை முடிந்தது. கைதட்டுவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள்! அவர் முன்னால் ஒரு குறையைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது வழக்குதான். தீர்ப்பு வராமல் நகர மாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, படபடப்பும் வந்தது.

ஊர்க்கூட்டத்தில் வாயே திறக்காத பெண்களெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். கதையைப் பற்றித்தானே, யார் தடுப்பது? துடுப்புப் போடத் தெரிந்தவளை எதற்கு நிறுத்துவது என்றாள் ஒருத்தி. அந்தத் தலைவர் தேனொழுகப் பேசியே கழுத்தை அறுக்கிறாரே என்றாள் இன்னொருத்தி. கவுண்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அந்தாளு பண்ணுனது தப்புங்க. புள்ள படகு ஓட்டட்டும்," என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

தங்கை எழுந்தாள். 

"ஏனுங்க, அந்தப் புள்ள நாந்தானுங்க. படகு இல்லீங்க, வண்டி."

 சபையில் சொன்ன தீர்ப்பைக் கவுண்டர் ஒருநாளும் மாற்றியதில்லை. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. முகம் கறுத்துப்போய், வழக்கப்படி அவளை விட்டுவிட்டு அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்து, நீ என்னப்பா சொல்ற என்று கேட்டார்.

"அவளையே கேளுங்க," என்றான் அவன்.

கவுண்டர் அவள் பக்கம் திரும்பினார். எங்கள் ஊர் வழக்கிலேயே முதல்தடவையாக, ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்பக் கண்ணு எறங்கற?"

"நாளைக்குக் காத்தாலங்க," என்றாள் என் தங்கை.