ஜோகோயின் தனித்தட்டு

ஜோகோய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது, சோற்றைக் குறை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் ஒழுங்காகத்தான் இருக்கிறான். ரூஃபிஸ்க் மீன்துறையில் ஐஸ் விற்கும்போது வாங்கிக் குடிக்கிற பாகுத் தேநீரை விட்டான். காந்தலையும் விட்டான். காந்தல் என்றால் உயிரை விடுகிற ஆள்! எண்ணெயும் மீன் சாறும் ஊறி, சட்டியடியில் முறுகிய சோற்றைச் சுரண்டுகிற சத்தம் கேட்டாலே போட்டது போட்டபடி ஓடிவருவான்.

பெரிய தாம்பாளத்தைச் சுற்றி வீடே உட்கார்ந்து அள்ளித் தின்னும்போது அளவு எங்கே தெரியும்? அதனால் தனித்தட்டு கேட்டு வாங்கி, வாசலோரம் முக்காலி போட்டுக்கொண்டான். ஏன் என்று மனைவி தெனிங்கிடம் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து வீட்டு அன்சுமனா காதுக்குப் போகும். அவன் ஜோலாக்காரன், இவன் செரேர். இரண்டு கூட்டத்துக்கும் மாமன் மச்சான் போலக் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. செரேர்க்காரன் சோற்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் தமுக்கடித்துவிடுவான், படுபாவி.

இவன் குறைக்கக் குறைக்க, தெனிங்கின் கை தாராளமானது. அதுதான் புரியவில்லை.

"விசேஷம் ஒண்ணும் இல்லையே, எதுக்கு ஆட்டுக்கறி?"

"ஏன், பிடிக்கலையா?"

"இவ்வளவு எண்ணெயா ஊத்துவ?"

"எண்ணெய் இல்லாம சமைக்கிற வீடு எதுவோ, அங்கேயே போய்த் தின்னுங்க!"

மத்தியானத்திலேயே நல்ல துணி உடுத்திச் சாம்பிராணி போட்டாள். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. இவளுக்கு விஷயம் தெரிந்து நம்மைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாளா என்றுகூட நினைத்தான். பயமாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அன்சுமனா மதில்மேல் எட்டிப் பார்த்தான்.

"டேய் சோத்துமூட்டை! புதுப் பொண்டாட்டி நல்லா சமைக்கிறாளா?"

"எவ அவ?"

"நடிக்காதடா. தட்டைத் தனியா தூக்கிட்டுப் போறவன் வேற குடும்பத்துக்கு அடிபோடறான்னு தெருவே பேசுது. வீட்ல கொறிக்கற, வெளிய மூக்குப்பிடிக்கத் திங்கற. உள்ள போய்ப் பாரு, தெனிங் பொறந்த வீட்டுக்கு மூட்டை கட்டறா."

அடக் கடவுளே! விழுந்தடித்து ஓடினான். தெனிங் நிஜமாகவே துணிமூட்டையை முடிந்துகொண்டிருந்தாள்.

"எவளும் இல்லடி! சர்க்கரை. எனக்குச் சர்க்கரை வியாதி."

முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

"டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாதா?"

"அந்த ஜோலாக்காரன் சிரிப்பானேன்னு..."

"சிரிச்சுட்டுப் போறான்! உங்களைப் பிடிச்சு வச்சுக்கணும்னு ஒவ்வொரு நாளும் எண்ணெயா ஊத்தினேனே. என் கையாலயே உங்களைக் கொன்னிருப்பேனே, பாவி மனுஷா!" என்று மூட்டையாலேயே அவனை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அவனும் அழுதான்.

மறுநாள் தாம்பாளம் வந்தது. தனித்தட்டைக் காணோம். தெனிங் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பக்கச் சோற்றைத் தன் பக்கம் இழுத்து, முட்டைக்கோசையும் கேரட்டையும் மீனையும் அவன் பக்கம் தள்ளினாள். பிறகு ஒரு துண்டுக் காந்தலை உடைத்தாள். பெரிய பாதி அவள் வாய்க்கு. சின்னப் பாதி அவன் முன்னால்.

"இதைத் தின்னலாமா?" என்றான் ஜோகோய், குழம்பிப்போய்.

"எனக்கும் தெரியல. அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வரேன், ரெண்டு பேருமா கேட்போம். இப்ப வாயைத் திறங்க."