கண்ணாடி எழுத்து

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. 1938, ஆனி மாதம், சனிக்கிழமை. விழுப்புரத்தில் என் பட்டறையில், பட்டப்பகலில் நடந்தது.

நானும் பச்சைமுத்துவும் கூட்டாளிகள். பெண்ணையாற்று ரயில் பாலத்தைச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகம் ஊற்றிப் படமாக்கினோம். நாலு மாத உழைப்பு. காகிதத்தில் ஒற்றினால் இடது வலதாகிவிடும். அதனால் தகட்டில் பேரைத் திருப்பி எழுத வேண்டும். அதைக் கண்ணாடி எழுத்து என்போம். படத்தில் பேர் இருப்பவருக்கு மெட்ராஸ் அச்சாபீசில் வேலை. எங்கள் இருவர் பேரையும் போடுவதாகத்தான் பேச்சு.

வெள்ளிக்கிழமை பாவி சொல்லாமல் தகட்டோடு திண்டிவனம் போய்விட்டான், அங்கே வந்திருந்த அச்சாபீஸ் முதலாளியைப் பார்க்க. அவன் பேர் மட்டும்தான் போட்டிருக்கிறான் என்று அவன் பெண்சாதி கிருஷ்ணவேணியே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்தவனாக நினைத்தேனே அவனை.

சனிக்கிழமை, மணி 12.10. கதவு கிரீச்சிட்டது. பச்சைமுத்து, கையில் தகடு.

"ஏண்டா இப்படிப் பண்ண?"

"உன் பேரு போடத்தான் வந்திருக்கேன். ஊசியக் குடு."

குனிந்து கீறினான். கிறீச்... கிறீச்... அந்த வெயிலில் வந்தவனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை.

இடது கையால் கீறினான். அவன் வலக்கைக்காரன்.

இடக் கன்னத்து மச்சம்... வலக் கன்னத்தில் இருந்தது.

தகட்டைப் பார்த்தேன். 'சுப்பராயலு, விழுப்புரம்.' நேராக எழுதியிருந்தான்.

"கண்ணாடி எழுத்துல போடுடா."

"எனக்கு இப்ப... இப்படித்தான் வருது."

தண்ணீர் மொள்ளத் திரும்பினேன்.

மணி 12.17.

ஆள் இல்லை... தகடும் இல்லை.

தரையில் செப்புத்தூள் மட்டும் கிடந்தது.

நாலு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து போலீஸ்காரர் வந்தார். "சுப்பராயலு நீங்கதானே? நேத்து சாயங்காலம் ஓடற ரயிலு வண்டியிலேர்ந்து எறங்கி ஒருத்தர் செத்துட்டாரு. யாருன்னே தெரியல. அவர்கிட்ட இருந்த தகட்டுல என்னமோ கிறுக்கல், படிக்க முடியல. அரக்கு முத்திரை வெச்சுப் பூட்டிட்டோம். இன்னிக்கு மத்தியானம் பிரிச்சா உங்க பேரு பளிச்சுன்னு இருக்கு. இல்லாட்டி நாளைக்கு அநாதைப் பொணமா பொதைச்சிருப்போம்."

"முத்திரை உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லைங்க. நான்தான் உடைச்சேன்."

பிறகு அந்தத் தகட்டை ஒற்றிப் பார்த்தார்கள். அவன் பேர் அழகாக விழுந்தது. என் பேர் திரும்பி விழுந்தது, யாராலும் படிக்க முடியவில்லை. மெட்ராஸ் வேலை போயிற்று.

எனக்காக வந்தான் என்றுதான் அன்று மத்தியானம் நினைத்திருந்தேன். தன் பிணத்தை வாங்க ஆள் வேண்டுமென்று வந்திருக்கிறான்.