சவரிமுத்துக்குக் கொடுத்த சாக்கு

பக்கத்து வீட்டு தேவி சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நேற்று மத்தியானமே வீடு திரும்பிவிட்டாள். வேலியோரம் நின்று, "சேக் பண்ணிட்டாங்க அங்கிள். எங்க லைன்ல எட்டுப் பேரு" என்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் நனைந்த சணல் வாடைதான் மூக்கில் ஏறியது.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரும்புப் பட்டறையில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக நான் சேர்ந்த புதிது. மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு உலகத்தையே மொழிபெயர்த்துவிடலாம் என்று நினைப்பு. ஈயமும் ரப்பரும் விலை விழுந்து, ஊரெல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை பட்டறையின் வெள்ளைக்காரத் துரை தலை நிமிராமல், "கிவ் சவரிமுத்து த சேக்" என்றார். சேக் என்றால் சாக்கு. இதில் என்ன சந்தேகம்? ஸ்டோரில் கிழியாத கோணியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

சவரிமுத்து அங்கே பதினோரு வருடமாக பிட்டர். "தொரை உங்களுக்குக் குடுக்கச் சொன்னாருண்ணே" என்றேன். கோணியைத் தடவிப் பார்த்தார். "மழைக்குத் தலையில போட்டுக்கலாம். பரவால்ல, தொரைக்கு நம்ம ஞாபகம் இருக்கு."

திங்கட்கிழமை நல்ல மழை. காவலாளி அவரை உள்ளே விடவில்லை; பட்டியலில் பெயர் இல்லையாம். பெரிய கிராணியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அர்த்தத்தைச் சொன்னார். 'சேக்' கொடுப்பதென்றால் வேலையை விட்டு நிறுத்துவதாம். வாசலுக்கு வந்து அதை நானே அவரிடம் சொன்னேன். கோணியைத் தலையில் கவிழ்த்தபடி நின்றவர் திட்டவில்லை.

"சனிக்கெழமையே தெரிஞ்சிருந்தா எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருப்பேனே தம்பி."

அவருடைய அரங்களையும் சுத்தியலையும் நான்தான் வாரிக்கொண்டு வந்து கொடுத்தேன். தலையிலிருந்த கோணியை எடுத்து அதற்குள் போட்டுக்கொண்டு, நனைந்தபடியே நடந்தார்.

வெகு நாள் கழித்து ஒரு வாத்தியார் சொன்னார்: துரைமார் நாட்டில் அந்தக் காலத்துத் தொழிலாளி தன் வேலைக் கருவிகளைச் சாக்கில் கொண்டுபோய் முதலாளியிடம் ஒப்படைப்பானாம், வேலையை விட்டு நிறுத்தினால் சாக்கைத் திருப்பிக் கொடுப்பார்களாம். அதிலிருந்து வந்த பேச்சாம். உண்மைதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதம் வேலை தேடிவிட்டு சவரிமுத்து ஊருக்குக் கப்பலேறினார். துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் அவர் மனைவி ஆரோக்கியம் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் போன அவர்களுடைய நாலு வயது மகளை இங்கேதான் புதைத்திருந்தார்கள்.

"புள்ள தனியா கெடக்கு தம்பி. கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி மட்டும் ஏத்திரு."

கோயில் குளம் என்று வளர்ந்த நான், வருடம் தவறாமல் ஏற்றினேன். முதலில் மரச்சிலுவை சாய்ந்தது. பிறகு மண்மேடு தரையோடு போயிற்று. போன வருடம் போனபோது அந்த வரிசை முழுக்கப் புல். எந்த இடம் என்று சொல்ல ஆளில்லை. மெழுகுவத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.