ராயபுரம் டு வல்லூர்: பெல்ட் மணியும் என் மாமனாரும்

போன புதன்கிழமை என் நாத்தனார் தேவிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வல்லூரில் அவள் புகுந்த வீட்டில் வளையல் அடுக்கிவிட்டு, அங்கிருந்து திருவொற்றியூர் குப்பத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு அவளைக் கூட்டி வர வேண்டும். அத்தை போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மா செய்ய வேண்டியதையெல்லாம் அண்ணி நான்தான் செய்யணும். வீட்டுக்காரருக்கு மணலியில் முதல் ஷிப்ட், அதனால் டிரைவரும் நானே. குப்பத்துப் பெண்கள் வேனில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். என் காரில் நானும் மாமாவும் மட்டும். இந்த ரூட்டில் சொந்தமாக வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். பாதிக் கட்டுரை சீட் பெல்ட் பற்றித்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

கார் செகண்ட் ஹேண்ட், வாங்கி ஆறு மாசம். முன் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் டிங் டிங் என்று ஆரம்பித்துவிடும். வேகம் கூடினால் அதற்கும் அவசரம் கூடும். காசிமேட்டில் மீன் வாங்கி ஐஸ் பெட்டியை சீட்டில் வைத்தால் அதையும் ஆள் என்று நினைத்துக் கத்தும். ஒரு நாள் வஞ்சிரத்துக்கு பெல்ட் போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

மாமா நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். முதல் தடவை என் காரில் ஏறியபோதே பெல்ட் போட மாட்டேன் என்றுவிட்டார். மணி விடாமல் அடித்தது. தண்டையார்பேட்டை சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டார். அவ்வளவு ரோஷம். பெரிய மனுஷனிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? புதுப்பேட்டையில் 120 ரூபாய்க்கு ஒரு கிளிப் வாங்கினேன். பெல்ட் முனையில் இருக்கும் இரும்பு நாக்கு மாதிரியே இருக்கும். அதைச் சொருகினால் கார் ஏமாந்துபோய் வாயை மூடிக்கொள்ளும். பின்பக்கத்தால் சோடா பாட்டிலும் திறக்கலாம். வம்பை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

காலை 8.10க்கு ராயபுரத்தில் கிளம்பி, 8.35க்குக் குப்பத்தில் மாமாவை ஏற்றினேன். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் விபூதி, மடியில் சீர்த்தட்டு. பின்னால் வையுங்கள் என்றேன், கேட்கவில்லை. மகளுக்குக் கொண்டுபோகும் தட்டைக் கீழே வைப்பதா என்று என்னையே கேட்டார். கிளிப் சொருகியிருந்தது. கார் அமைதி. கடலோர எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

8.52 இருக்கும். எர்ணாவூரை நெருங்கும்போது முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக் லைட் எரியவே இல்லை. நான் அழுத்திய அழுத்தில் என் பெல்ட் என்னை இழுத்துப் பிடித்தது. மாமாவைப் பிடிக்க ஒன்றும் இல்லை. நெற்றி டேஷ்போர்டில் போய் இடித்தது. தட்டு பறந்தது, பழமும் பூவும் கார் முழுக்க. லாரிக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஓரங்கட்டிய பிறகுதான் தேங்காயைத் தேடினேன். அது என் பிரேக்குக்கு அடியில் உருண்டு கிடந்தது. கொஞ்சம் முன்னாலேயே அங்கே போயிருந்தால் பிரேக்கே பிடித்திருக்காது.

பக்கத்து டீக்கடையில் ஐஸ் வாங்கி வைத்தோம். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். நல்லவேளை, ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. எனக்கு என் மேலேயே கோபம். அதை அவர் மேல் கொட்டினேன். நடுக்கடலுக்குப் போகிற மனுஷனுக்கு ஒரு பட்டையைப் பார்த்து என்ன பயம் என்று கேட்டுவிட்டேன். திரும்பி வரும்போது இதே ரோட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரியையும் இப்படித்தான் உட்கார வைக்கப் போகிறோமா என்றும் கேட்டேன்.

மாமா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்.

"என் தம்பி அலைக்கு பயந்துகினு இடுப்புல கயிறு கட்டிக்கினான்மா, படகோட சேத்து. முகத்துவாரத்தாண்ட போட்டு கவுந்துச்சு. நாங்கல்லாம் நீந்திகினு வந்துட்டோம். நனைஞ்ச முடிச்சு அவுருமா? அவன் வர்ல."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சின்ன மாமனார் கடலில் போய்விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படி என்று ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிடிவாதக்காரர் என்று அம்மா வீட்டில் போய் இவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க மாமா என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கார் பெல்ட்டைப் பார்த்துக் கேட்டார்.

"அத்த அவுக்க எம்மா நேரம் ஆவும்?"

இத்தனை நாளும் பெல்ட் போடுங்கள் போடுங்கள் என்று உயிரை வாங்கினேனே தவிர, எப்படிக் கழற்றுவது என்று ஒரு தடவையாவது சொன்னேனா? கிளிப்பைப் பிடுங்கிவிட்டு அவரை உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினேன். சிவப்பு பட்டனைக் காட்டினேன். அவர் கண்ணை மூடி, தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் துழாவினார். முதல் தடவை பட்டன் அகப்படவில்லை. இரண்டாவது தடவை அகப்பட்டது. வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். ஐந்தாவது தடவை பெல்ட் நொடியில் கழன்றது. மாமா கண்ணைத் திறந்தார்.

"இது முடிச்சு இல்லம்மா. கொக்கி."

கிளிப்பை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார், சோடா திறக்க.

அதோடு மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். எண்ணூர் தாண்டி, முகத்துவாரத்தை ஒட்டிய ஆற்றுப் பாலம் வந்ததும் சட்டென்று கழற்றிவிட்டார். தண்ணீர் மேல் மட்டும் வேண்டாமாம். பாலம் முழுக்க டிங் டிங். அக்கரை வந்ததும் அவராகவே மாட்டிக்கொண்டார். வல்லூரில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தபோது மணி 9.48. மொத்தம் 23 கி.மீ.

வளையல் அடுக்கி, ஏழு வகை சாதம் பரிமாறி, பன்னிரண்டு மணி ராகு காலத்துக்கு முன்னால் 11.40க்குக் கிளம்பினோம். பின்னால் கால் நீட்ட இடமில்லை என்று தேவி முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். உடனே மணி. வயிற்றில் போய்ப் பட்டையைக் கட்டச் சொல்கிறாயே அண்ணி, பிள்ளைக்கு நசுங்காதா என்று அழாத குறை. நான் பேசுவதற்குள் மாமா பின்னாலிருந்து எட்டி, அவள் விரலைப் பிடித்து அந்தச் சிவப்பு பட்டன் மேல் வைத்தார். "இங்க அமுத்து, வுட்டுரும். நைனா நானே அவுத்துப் பாத்துட்டேன்."

தேவி மாட்டிக்கொண்டாள். மணி நின்றது.

இந்த ரூட்டில் போகிறவர்களுக்கு: லாரி வரிசையில் மாட்டாமல் இருக்க எட்டு மணிக்கு முன்னால் எர்ணாவூரைத் தாண்டிவிடுங்கள். நான் தாண்டவில்லை, பட்டேன். போக வர பெட்ரோல் சுமார் 350 ரூபாய். தட்டு, தேங்காய் எல்லாம் டிக்கியில். கர்ப்பிணிகளுக்கு கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பை ஒட்டி வரணும், மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கணும். எதற்கும் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 120 ரூபாய் கிளிப் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஒருவர் பெல்ட் போட மறுத்தால், கழற்றுவது எப்படி என்று முதலில் காட்டுங்கள்.

திரும்பும்போதும் அந்தப் பாலம் வந்தது. என் காரில் பின் சீட்டுக்கு மணி கிடையாது. போட்டாலும் போடாவிட்டாலும் கேட்க ஆளில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மாமா பெல்ட் போட்டிருந்தார். கட்டைவிரல் சிவப்பு பட்டன் மேல், கண் முகத்துவாரத்துப் பக்கம். இரண்டு பக்கமும் தண்ணீர். பாலம் முடிகிற வரைக்கும் அவர் அதை அமுத்தவில்லை.